காசும் காப்பும்: சீனத் தகடுகளை இனங்காணல்

நடுவில் ஒரு சதுரத் துளை, அதைச் சுற்றி நான்கு சீன எழுத்துகள், செம்போ பித்தளையோ என்று உடனே சொல்ல முடியாத மங்கல் நிறம். இப்படியொரு வட்டத் தகட்டைக் கண்டதும் நாம் எல்லோரும் 'சீனக் காசு' என்று சொல்லிவிடுகிறோம். நாம் வாழும் நாடுகளின் ஞாயிற்றுச் சந்தைகளிலும் பழம்பொருட் கடைகளிலும் இவை கிண்ணம் கிண்ணமாகக் கிடக்கின்றன. இவற்றில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்த நண்பர்கள் தமக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டி இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். எவ்வளவு பழசு? என்ன விலை போகும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: இது காசுதானா?

இத்தகைய தகடுகளில் கணிசமானவற்றை எந்த அரசும் வெளியிட்டதில்லை. அவற்றைக் கொடுத்து எவரும் அரிசியோ உப்போ வாங்கியதுமில்லை. பிள்ளைக்கு நோய் வராதிருக்க, பரீட்சையில் தேற, புதுமணத் தம்பதிகளுக்கு மகப்பேறு வாய்க்க, வீட்டினுள் பேய் புகாதிருக்க என்று சாதாரண சனங்கள் செய்வித்து அணிந்தவை, வாசலில் தொங்கவிட்டவை அவை. சீன மொழியில் இவற்றுக்கு 'யென்ஷெங் சியென்' என்று பெயர். தீயதை அடக்கி வெல்லும் காசு என்பது பொருள். 'ஹுவா சியென்', அதாவது 'பூக்காசு' என்றும் வழங்குவர். தமிழில் 'காப்பு' என்ற சொல்லே இவற்றுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். இக்கட்டுரையில் அப்படியே அழைக்கிறேன்.

சீன நாணயவியலில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நூல் ஹொங் சுன் என்பவர் 1149இல் எழுதியது. அதில் காப்புகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனினும் நாணயம் சேர்ப்போரில் பெரும்பாலானோருக்கு அரசன் பெயர் இல்லாத தகடு இன்றும் இரண்டாந்தரப் பொருளாகவே இருந்துவருகிறது. இந்த மனப்பாங்குடன்தான் எனக்கு முரண்பாடு. காசு என்பது அரசு சனங்களைப் பார்த்துச் சொன்னது. காப்பு என்பது சனங்கள் தமக்குள் சொல்லிக்கொண்டது. முதலாவதற்கு அரச ஏடுகளில் சாட்சி நிறைய உண்டு. இரண்டாவதற்கு அத்தகடுகளே பல வேளைகளில் சாட்சி. ஆகவே ஒரு காப்பைக் 'கள்ளக்காசு' என்று தூக்கியெறிவதும், அதையே 'அபூர்வ நாணயம்' என்று விற்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்தாம். இரண்டிலும் அதைச் செய்வித்தவரின் குரல் காணாமற் போய்விடுகிறது.

ஒரு சொல்லின் பயணம்

இனங்காணலுக்குள் இறங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். சதுரத் துளையிட்ட இச்சீன நாணயத்தை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று அழைக்கிறார்கள். சீனர் அதை அப்படி அழைத்ததில்லை. அவர்களுக்கு அது 'சியென்' அல்லது 'வென்'. 'கேஷ்' என்பது நமது 'காசு'. போர்த்துக்கேயர் தென்னிந்தியக் கரைகளில் கேட்ட 'காசு' என்ற சொல்லைத் தமது வாயில் 'காய்ஷா' ஆக்கி, கிழக்கே தாம் கண்ட சிறுமதிப்பு நாணயங்களுக்கெல்லாம் அதைப் பெயராக இட்டனர். அங்கிருந்து அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. கையிலுள்ள ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேறு வழியில், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமையால் இரண்டும் இன்று ஒன்றாகிக் கிடக்கின்றன.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் அப்பொருளின் ஊரைக் காட்டாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. சீனப் பொருளுக்குத் தமிழ்ப் பெயர், அதைக் கொண்டுபோனவர் போர்த்துக்கேயர், நிலைநிறுத்தியவர் ஆங்கிலேயர். பெயரை வைத்துக்கொண்டு 'சீனருக்குக் காசு கொடுத்தவர் தமிழரே' என்று யாரேனும் எழுதினால் அது எவ்வளவு நகைப்புக்கிடமானதோ, அவ்வளவு நகைப்புக்கிடமானது தகட்டின் எழுத்தை மட்டும் வைத்து அதன் முழுக்கதையையும் சொல்லிவிட முயல்வது.

அரசின் தகடு

காப்பை அறிய வேண்டுமானால் முதலில் காசை அறிய வேண்டும். சீனக் காசின் நெடுவரலாற்றைச் சில வரிகளில் அடக்கலாம். கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் அரசின் காசு 'பான்லியாங்'. எழுத்து இரண்டே, பொருள் 'அரை லியாங்', அதாவது அதன் நிறை. கி.மு. 118இல் ஹான் அரசு 'வூசூ' என்ற காசை வெளியிட்டது. இதுவும் நிறையின் பெயரே. பல அரசுகள் மாறிமாறி வந்தபோதும் வூசூ ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. கி.பி. 621இல் தாங் அரசு 'கையுவான் தோங்பாவோ' என்ற நான்கு எழுத்துக் காசை வார்த்தது. அன்று தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை சீனக் காசின் முகம் அடிப்படையில் மாறவில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. தாங் வரலாற்றில் 'கையுவான்' என்ற பெயருடைய ஆட்சிக்காலமும் இருக்கிறது: 713 முதல் 741 வரை. இதனால் இக்காசை அக்காலத்துக்கு உரியதெனச் சொல்வோர் உளர். காசு அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முந்தியது. ஆட்சிப் பெயரைக் காசில் பொறிக்கும் வழக்கம் பின்னரே பொதுவழக்காயிற்று.

சீனம் வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வது? கடைசி எழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான காசுகளில் அது 'பாவோ', அதாவது 'செல்வம்'. மேலே ஒரு கூரை, கீழே இரண்டு குட்டைக் கால்கள், இடையில் நெருக்கமான கோடுகள் என்று நான்கிலும் சிக்கலாகத் தெரிவது அதுதான். எழுத்துகள் மேல், கீழ், வலம், இடம் என்ற ஒழுங்கில் வந்தாலும், மேலிருந்து வலஞ்சுழியாக வந்தாலும், 'பாவோ' துளையின் இடப்பக்கத்திலேயே நிற்கும். அதை இடப்பக்கம் வைத்துப் பிடித்தால் தகடு நேராகிவிடும். அப்போது மேலே நிற்பது முதல் எழுத்து. அதிலிருந்து ஆட்சிப் பெயரைத் தேடலாம்.

பின்பக்கமும் பேசும். சந்தையில் நம் கைக்கு வருபவற்றுள் அதிகமானவை சிங் அரசின் (1644-1911) காசுகள். அவற்றின் பின்புறத்தில் துளைக்கு இருபுறமும் முடிச்சிட்ட நூல்கள் தொங்குவதுபோல இரண்டு சொற்கள் இருக்கும். அவை மஞ்சு எழுத்து. சிங் அரசர்கள் சீனரல்லர், மஞ்சுக்கள். இடப்புறச் சொல் 'பாவோ' என்பதன் மஞ்சு வடிவம். வலப்புறச் சொல் காசு வார்க்கப்பட்ட அக்கசாலையின் பெயர். 'இது ஏதோ தொலைந்துபோன மொழி' என்று விளக்கம் தரப்படும் காசுகள் பல இவ்வகையினவே. காங்சி (1662-1722), யோங்செங் (1723-1735), சியென்லோங் (1736-1795), சியாச்சிங் (1796-1820), தாவோகுவாங் (1821-1850) ஆகிய ஐந்து ஆட்சிப் பெயர்களையும் அடையாளம் காணப் பழகிக்கொண்டால் சந்தைக் கிண்ணத்தில் கணிசமான பகுதி தெளிந்துவிடும்.

அயல்நாடுகளையும் மறக்கக் கூடாது. யப்பானின் 'கனெய்' காசும், கொரியாவில் 1678 தொடக்கம் பெருமளவில் வார்க்கப்பட்ட 'சாங்பியோங்' காசும், வியட்நாமின் பற்பல காசுகளும் சீன எழுத்தைக் கொண்டவையே. பின்புறத்தில் அலைக்கோடுகள் இருந்தால் அது 1768 முதல் யப்பானில் வார்க்கப்பட்ட நான்கு மொன் காசு. இதைவிடச் சிக்கலானதும் உண்டு. 1659க்கும் 1685க்கும் இடையில் நாகசாகியில் யப்பானியர் ஏற்றுமதிக்கென்றே காசு வார்த்தனர். அதில் அவர்கள் பொறித்தது அறுநூறு ஆண்டு பழைய சீனச் சொங் அரசின் ஆட்சிப் பெயரை. அக்காசு வியட்நாமில் புழங்கிற்று. எழுத்து 11ஆம் நூற்றாண்டு, வார்ப்பு 17ஆம் நூற்றாண்டு, எழுத்தின் நாடு ஒன்று, வார்த்த நாடு இன்னொன்று, செலவான நாடு மூன்றாவது!

பழமைக்கும் அருமைக்கும் தொடர்பில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன். சொங் அரசு 1080ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 50 இலட்சம் கோவைக் காசு வார்த்தது. ஒரு கோவை பெயரளவில் ஆயிரம் காசு. ஆகவே ஆயிரம் ஆண்டு கடந்த சொங் காசை இன்றும் ஒரு கோப்பியின் விலைக்கு வாங்கலாம்.

சனங்களின் தகடு

இப்போது காப்புக்கு வருவோம். முதற் சோதனை அளவும் நிறையும். சிங் காலத்துச் சாதாரணக் காசு 20 முதல் 28 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ நான்கு கிறாம் நிறையும் கொண்டது. காப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளங்கையளவு பெரியதும் உண்டு. சட்டைப் பொத்தானளவு சிறியதும் உண்டு. துளை வட்டமாக இருக்கலாம். தொங்கவிட மேலே ஒரு காது இருக்கலாம்.

இரண்டாவது சோதனை எழுத்து. காப்பில் பெரும்பாலும் ஆட்சிப் பெயர் இராது, வாழ்த்து இருக்கும். 'நீண்ட ஆயுள், செல்வம், மதிப்பு', 'வானத்தின் கீழ் எங்கும் அமைதி', 'ஐந்து புதல்வரும் பரீட்சையில் தேறுக' என்பன அடிக்கடி காணப்படுபவை. கடைசி வாழ்த்தின் பின்னால் ஒரு கதை உண்டு. 10ஆம் நூற்றாண்டில் தோ யூசுன் என்பவரின் ஐந்து ஆண்மக்களும் அரச பரீட்சையில் தேறினராம். அப்பரீட்சையே அரச உத்தியோகத்துக்கு வாசல். பிள்ளைகளின் படிப்பைத் தவிர வேறு மீட்சி இல்லையென்று நம்பிய பெற்றோரின் மனம் அத்தகட்டில் அப்படியே இருக்கிறது. நமது சமூகத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவது சோதனை படம். காசில் படம் வருவது மிக அரிது; காப்பில் படமே முக்கியம். இப்படங்களை அழகுக்காக இட்டவை என்று கருதினால் ஒன்றும் விளங்காது. அவை சிலேடைகள். சீன மொழியில் ஒரே ஒலியுடைய வெவ்வேறு சொற்கள் ஏராளம். வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி 'ஃபூ'. ஆகவே காப்பில் வௌவால் பறந்தால் நற்பேறு வருகிறது. ஐந்து வௌவால்கள் என்றால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நற்குண நாட்டம், காலம் முடிந்து வரும் இயல்பான சாவு. மானுக்கும் உத்தியோகச் சம்பளத்துக்கும் ஒலி 'லூ'. மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒலி 'யூ'. தாமரையும் மீனும் சேர்ந்தால் 'ஆண்டுக்கு ஆண்டு மிச்சம் இருக்கட்டும்' என்றாகிறது. குதிரையின் மேல் குரங்கு அமர்ந்திருக்கும் உருவம் சிரிப்பூட்டுவது. ஆனால் 'குதிரைமேல்' என்ற தொடருக்கு 'உடனடியாக' என்றும் பொருள், குரங்கின் ஒலி பிரபுப் பட்டமொன்றின் ஒலி. 'விரைவில் பிரபு ஆவாய்' என்பதே அதன் வாசகம். நம்மில் வௌவாலைத் துர்க்குறியாகக் காண்போர் உண்டு. நமது கண்ணால் பார்த்தால் வாழ்த்தே சாபமாகத் தெரியும். இனங்காணல் என்பது அவர்களின் காதால் கேட்பது.

நான்காவது, எழுத்துப் போலத் தோன்றியும் வாசிக்க முடியாதவை. தாவோ சமயப் பூசாரிகள் எழுதும் மந்திர எழுத்து இது. சுருள்களும் கோணல்களுமாக, தெரிந்த எழுத்தொன்றின் சாயலோடு நெளியும். படித்த சீனருக்கும் இது விளங்காது. விளங்காதிருப்பதே இதன் நோக்கம். வாசிக்க வேண்டியது பேய், மனிதரல்ல. 'மர்ம எழுத்து' என்று மலைக்கப்படும் தகடுகளில் பல இவை. நமது யந்திரத் தகடுகளின் கோடுகளையும் பீஜ அட்சரங்களையும் ஒரு சீனர் கையில் கொடுத்து 'வாசியும்' என்றால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்கிறது. இந்த மர்ம எழுத்தைச் சிந்துவெளி எழுத்தாகவோ தமிழியாகவோ காண முனைவோர் முதலில் இதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் அங்கே எட்டுத் திரிகோடுகளும் பன்னிரண்டு ஆண்டு விலங்குகளும் அமர்ந்திருக்கும்.

ஐந்தாவது, நச்சுயிர்க் காப்பு. பாம்பு, தேள், பூரான், தேரை, சிலந்தி ஆகிய ஐந்தும் ஒரே தகட்டில் இருக்கும். சிலவற்றில் சிலந்திக்குப் பதில் பல்லி. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்கு அணிவிப்பது. கோடை தொடங்கி நோய் பெருகும் காலம் அது. நஞ்சைக் கொண்டே நஞ்சை விரட்டுதல்.

ஆறாவது, பூட்டுக் காப்பு. வட்டமாக இல்லாமல் சிறு பூட்டின் வடிவில் இருக்கும். பிள்ளையை இவ்வுலகத்தோடு பூட்டி வைப்பதற்காகக் கழுத்தில் கட்டுவார்கள். இதில் ஒரு வகை 'நூறு வீட்டுப் பூட்டு'. தகப்பன் உறவினர், நண்பர், அயலார் என்று வீடு வீடாகப் போய்ச் சிறு காசு வாங்கிச் சேர்த்து அதைக்கொண்டு பூட்டுச் செய்விப்பார். நூறு வீட்டாரின் அக்கறை அப்பிள்ளையைக் காக்கும். ஈழத்தில் பிள்ளைக்குப் பஞ்சாயுதம் கட்டியவர்களுக்கும் அரையில் அச்சரக்கூடு கோத்தவர்களுக்கும் இம்மனம் அந்நியமானதல்ல. எனினும் பஞ்சாயுதத்துக்கும் பூட்டுக்கும் நேரடித் தொடர்பு கற்பிக்க நான் முன்வரமாட்டேன். நாவூறு பற்றிய பயமும் பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயமும் எல்லா ஊரிலும் உள்ளவை.

காசே காப்பாகும்போது

இதுவரை சொன்னதில் காசும் காப்பும் இரு வேறு பொருள்களாக நின்றன. உண்மையில் எல்லை அவ்வளவு உறுதியானதன்று. சனங்கள் அரசின் காசையே காப்பாக்கிக்கொண்டதுண்டு.

955இல் பிந்திய சோவ் அரசின் மன்னர் ஷிசோங் பௌத்த கோயில்களின் வெண்கலச் சிலைகளைப் பறிமுதல் செய்து உருக்கிக் காசு வார்த்தார். அரசுக்குச் செம்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சனங்கள் அக்காசில் புத்தர் இருப்பதாக நம்பினர். நோய் தீர்க்கும், பிரசவம் இலகுவாகும் என்று அதை வைத்திருந்தனர். பிற்காலத்தில் அதே எழுத்துகளை முகப்பில் இட்டு, பின்புறத்தில் கடல்நாகமும் பீனிக்ஸ் பறவையும் பொறித்த காப்புகள் ஏராளமாக வார்க்கப்பட்டன. கோயிலை உடைத்த அரசின் முத்திரையே கோயிலின் அருளைச் சுமக்கும் சின்னமாயிற்று! இதைவிடக் கூர்மையான அரசியல் விமர்சனத்தை ஒரு தகட்டில் நான் கண்டதில்லை.

காங்சி காலத்துக் காசுகளில் அக்கசாலையின் பெயர் பின்புறத்தில் ஒற்றை எழுத்தாக வந்தது. அப்படியான இருபது எழுத்துகளையும் வரிசைப்படுத்திச் சனங்கள் ஒரு பாட்டாக்கினர். இருபது காசுகளையும் அந்த ஒழுங்கில் நூலில் கோத்து அணிந்தால் தீங்கு அண்டாதென்பது நம்பிக்கை. அதே மன்னரின் 'லோஹான் காசு' என்றொன்று உண்டு. மன்னர் பெயரின் இரண்டாவது எழுத்தில் ஒரு சிறு கோடு குறைந்திருக்கும். மன்னரின் அறுபதாவது பிறந்தநாளையொட்டி 1713இல் வார்க்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. பொன்னாலான அருகதர் சிலைகளை உருக்கிச் சேர்த்தது என்ற கதை அதற்கு ஒட்டிக்கொண்டது. விளைவு, அது மோதிரமாயிற்று, திருமணப் பரிசாயிற்று. ஆகவே கையிலுள்ள காசில் தேய்வு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செலவான காசின் எழுத்துகள் எல்லாப் பக்கமும் ஒரேயளவாகத் தேயும். தொங்கிய காசு நூல் உரசிய இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். மேலே தனியாக ஒரு துளை இருந்தால் அது யாரோ ஒருவரின் உடலில் அல்லது உடையில் இருந்தது.

கடல் கடந்த தகடு

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்குக் கனடாவின் யூக்கொன் பகுதியிற் கிடைத்த ஒரு காசு சாட்சி. 2011இல் அதுபற்றிய செய்தி வெளியாயிற்று. காங்சியின் பெயர் பொறித்தது. 1667க்கும் 1671க்கும் இடையில் வார்க்கப்பட்டது. சதுரத் துளையின் ஒவ்வொரு மூலைக்கும் மேலாகச் சிறு துளை ஒன்று வீதம் நான்கு துளைகள் பின்னர் இடப்பட்டிருந்தன. ரஷ்ய வணிகர் சீனக் காசைக் கொண்டுவந்து உரோமத் தோலுக்கு மாற்றினர். கரையோரத் தில்ங்கித் மக்கள் அதைத் தோலாடையில் வரிசையாகத் தைத்துப் போர்க்கவசம் செய்தனர். அத்தகைய கவசங்களை இன்றும் அருங்காட்சியகங்களிற் காணலாம். சீனாவில் காசு, வடஅமெரிக்காவில் கவசத்தின் செதில். எழுத்தை மட்டும் வாசித்தால் முதல் பாதி கிடைக்கும். நான்கு துளைகளை வாசித்தால்தான் மறுபாதி கிடைக்கும்.

பின்னர் சீனத் தொழிலாளரே வந்தனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அவர்கள் பொன் தோண்டிய இடங்களிலும் புகையிரதப் பாதை போட்ட இடங்களிலும் அகழ்வாளர்கள் சீனக் காசுகளையும் வியட்நாம் காசுகளையும் தொடர்ந்து எடுத்துவருகிறார்கள். அந்நாடுகளில் அவை செல்லாக் காசு. ஏன் கொண்டுவந்தார்கள்? ஒரு பகுதி 'பான்தான்' என்ற சூதாட்டத்துக்கு எண்ணிக்கைக் காயாகப் பயன்பட்டது. காசுக் குவியலைக் கிண்ணத்தால் மூடி, நான்கு நான்காக எண்ணிக் கழித்து, மிஞ்சுவது எத்தனை என்று பந்தயம் கட்டுவது. இன்னொரு பகுதி மருந்தாக, காப்பாக இருந்தது. கனடா 1885இல் சீனர்மீது 50 டொலர் தலைவரி விதித்தது. 1903இல் அதை 500 டொலராக்கிற்று. 1923இலிருந்து 1947வரை அவர்களது வருகையை ஏறக்குறைய முற்றாகத் தடுத்தது. அம்மனிதர்களைப் பற்றி அரசு எழுதிவைத்த பத்திரங்கள் ஆவணக் காப்பகங்களில் ஒழுங்காக இருக்கின்றன. அவர்கள் தாமாகவே கைவிட்டுப்போன சாட்சிகளில் இத்தகடுகளும் அடங்கும்.

தவறாக இனங்காண்பது தகட்டோடு நிற்காது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. உடம்பில் எண்ணெய் தடவிக் காசின் விளிம்பால் தேய்ப்பது சீனாவிலும் வியட்நாமிலும் காய்ச்சலுக்கும் தடிமலுக்கும் செய்யும் வீட்டு வைத்தியம். முதுகில் சிவந்த கோடுகள் எழும்; சில நாட்களில் மறையும். 1975க்குப் பின் வியட்நாமிய அகதிகள் அமெரிக்காவுக்கு வந்தபோது பிள்ளைகளின் முதுகிலிருந்த இக்கோடுகளைக் கண்ட மருத்துவர்கள் பெற்றோர் அடித்த காயமென்று சந்தேகித்தனர். அது வைத்தியம், வதையன்று என்று விளக்கும் கட்டுரைகள் அந்தப் பத்தாண்டிலேயே மருத்துவ இதழ்களில் வெளியாகத் தொடங்கின. ஒரு காசு விட்டுச்சென்ற தடத்தைச் சரியாக வாசிக்கத் தெரியாமையால் பிள்ளையையே இழந்துவிடும் நிலை ஒரு தாய்க்கு வரலாம்.

போலிகள்

இன்று சந்தையில் கிடப்பவற்றில் அண்மையில் செய்யப்பட்டவை ஏராளம். சிவப்பு நூலில் கட்டி 'ஐந்து பேரரசர் காசு' என்று அதிர்ஷ்டத்துக்காக விற்கப்படுபவை பெரும்பாலும் இவை. ஒரு தராசு, ஓர் அடிமட்டம், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு காந்தம் இருந்தால் ஓரளவு சோதிக்கலாம்.

பழைய காசு அச்சடிக்கப்பட்டதல்ல, வார்க்கப்பட்டது. மரத்தின் கிளைகளில் காய்கள்போலக் காசுகள் அச்சில் வரிசையாக வார்க்கப்படும். உடைத்தெடுத்து, சதுரக் கம்பியொன்றில் கோத்து, சுழலாமல் இறுக்கிப் பிடித்து விளிம்புகளை ஒன்றாக அராவுவார்கள். சதுரத் துளையின் பயன்களுள் இதுவும் ஒன்று. எனவே உண்மையான காசின் வெளிவிளிம்பில் அரம் ஓடிய மெல்லிய கோடுகள் இருக்கும். போலியின் விளிம்பில் இரு அச்சுகள் சேர்ந்த தையல் தெரியலாம். எழுத்துகள் சவர்க்காரம் கரைந்ததுபோல மழுங்கியிருந்தால் இன்னொரு காசிலிருந்து அச்செடுத்தது என்று ஐயுறலாம். களிம்பு பச்சை வண்ணம் பூசியதுபோல ஒரே சீராக இருந்து நகத்தால் சுரண்ட உரிந்தால் அது பூச்சுத்தான். காந்தத்தில் ஒட்டினால் பெரும்பாலும் போலி. ஆயினும் சொங் காலத்திலும் 1850களிலும் இரும்புக் காசு வார்த்ததுண்டு, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. இயந்திரத்தில் அச்சடித்த காசு எல்லாம் போலி என்பதும் சரியன்று. குவாங்தோங் அக்கசாலை 1889இலிருந்து சதுரத் துளைக் காசை இயந்திரத்தில் அடித்தது.

காப்பில் போலியைக் கண்டறிவது இன்னும் கடினம். அதற்கு மூல அச்சென்று ஒன்று இல்லை. கிராமத்துக் கன்னார் தாம் கண்டதைப் பார்த்து மீண்டும் மீண்டும் வார்த்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் ஒரு தாய் பிள்ளைக்குக் கட்டிய கரடுமுரடான பிரதி போலி அல்ல. சென்ற ஆண்டு பழசென்று சொல்லி விற்பதற்காகச் செய்யப்பட்டது போலி. உலோகம் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். வேறுபாடு நோக்கத்தில்.

கிடைத்த இடம்

இறுதியாக, எழுத்தையும் உலோகத்தையும்விட முக்கியமான சாட்சி கிடைத்த இடம். பழைய தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. இலங்கையில் யாப்பகூவ அகழ்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் வெளிவந்தன. இவற்றில் மிகுதி சொங் காசுகள். உடனே 'சோழர் கப்பலில் வந்தவை' என்று எழுதிவிடும் ஆசை நமக்கு எழுகிறது. சொங் காசு வார்த்த பின்னும் பல நூற்றாண்டுகள் கீழை நாடுகளெங்கும் புழங்கிற்று. ஒரு காசு எப்போது பிறந்தது என்பதை அதன் எழுத்து சொல்லும்; எப்போது நம் கரைக்கு வந்தது என்பதைச் சொல்லாது. ஒரு குடத்தில் நூறு காசு இருந்தால், அவற்றுள் ஆகப் பிந்திய காசுக்கு முன் அக்குடம் புதைக்கப்பட்டிருக்க முடியாது. அதற்கு மேல் சொல்வதற்கு அருகே கிடந்த பானை ஓடும் மண்ணடுக்கும் வேண்டும். குடத்தைப் பிரித்துப் பங்கிட்டு விற்றால் இந்தக் கணக்கே செய்ய முடியாது.

ஊர்காவற்றுறைப் பக்கத்து அல்லைப்பிட்டியில் 1970களின் இறுதியில் சொங் காலச் சீனப் பீங்கான்கள் வெளிப்பட்டன. 2018இல் சீன அகழ்வாளர் அங்கு வந்து மீண்டும் தோண்டினர். கடலோரத்துப் பனங்காணி ஒன்றின் மண்ணுக்குள் அவ்வளவு இருந்திருக்கிறது. கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் இன்னும் வெளிவரும். போரால் ஏற்கனவே பாதி அழிந்த நமது பிரதேசத்தின் வரலாற்றில் மீதியை இணையச் சந்தையில் ஒவ்வொரு தகடாக விற்றுத் தீர்த்துவிட்டு, பின்னர் சான்று இல்லையே என்று புலம்புவதில் பயனில்லை.

ஆகவே ஊரில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், நீங்களும் கடைப்பிடியுங்கள். தகட்டைப் புளிபோட்டு விளக்க வேண்டாம். களிம்போடு சாட்சியும் போய்விடும். இரு பக்கத்தையும் விளிம்பையும் படமெடுங்கள். விட்டமும் நிறையும் குறியுங்கள். எந்தக் காணியில், எத்தனை அடி ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்று ஒரு கடதாசியில் எழுதி அதனோடேயே வையுங்கள். சந்தையில் வாங்கியதென்றால் எந்த ஊர்ச் சந்தை, விற்றவர் என்ன சொன்னார் என்றாவது எழுதுங்கள். எழுத்தை வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதை நாளைக்கும் செய்யலாம். கிடைத்த இடம் இன்று எழுதப்படாவிட்டால் நாளைக்கு எவராலும் வாசிக்க முடியாது.